மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களும் பதிப்புரிமையும்: அச்சிலிருந்து மின்னிலக்கம் வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நூலின் தாளும் அட்டையும் அதனை விலை கொடுத்து வாங்கியவருக்கு உரியவை. அதிலுள்ள எழுத்தைப் படியெடுக்கும் உரிமையோ ஆசிரியருக்கும் அவர்க்குப் பின் அவர்தம் வாரிசுகளுக்கும் உரியது. பதிப்புரிமைச் சட்டம் இவ்வேறுபாட்டின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. அச்சு நூல் மட்டுமே வழங்கிய காலத்தில் இவ்வேறுபாடு படிப்போரைப் பெரிதும் தொட்டதில்லை. நூலை நண்பருக்கு இரவல் தரும்பொழுதோ வகுப்பில் உரக்கப் படிக்கும்பொழுதோ புதிய படி எதுவும் உண்டாவதில்லை. மின்னிலக்க உலகில் நிலைமை வேறு. ஒரு பக்கத்தைத் திரையில் காண்பதற்கே கணினி அதனைப் படியெடுத்தாக வேண்டும். ஒருவருக்கு அனுப்பினால் இன்னொரு படி உருவாகின்றது. இதனால் அறிவுசார் சொத்துடைமைச் சட்டம் பதிப்பாளரை மட்டுமன்றி ஆசிரியர், மாணவர், நூலகர் ஆகிய அனைவரையும் நேரடியாகத் தொடும் சட்டமாகிவிட்டது.

தமிழ் நூல்கள் மக்கள் கைக்குத் தடையின்றி வந்த வரலாற்றை உற்று நோக்கின், சட்டம் விதித்த காலக்கெடு முடிவதற்குக் காத்திராமல் யாரேனும் முன்வந்து உரிமையை விடுவித்த நிகழ்வுகள் அதில் சிறப்பிடம் பெறுவதைக் காண்கின்றோம். அரசு விலை கொடுத்து வாங்கியது ஒரு வழி. எழுத்தாளரே இசைவளித்தது இன்னொரு வழி. மலேசியத் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை முதல் வழி திறக்கப்படவில்லை. இரண்டாம் வழி நாளுக்கு நாள் குறுகி வருகின்றது. இக்கருத்தை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதிப்புரிமை இந்நாடுகளுக்கு வந்த வழி

பதிப்புரிமைக்கான முதற்சட்டமாகக் கருதப்படுவது 1710ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியாரின் சட்டமாகும். அது புதிய நூல்களுக்கு 14 ஆண்டுகள் உரிமை வழங்கியது. அக்காலம் முடியும்பொழுது ஆசிரியர் உயிருடன் இருப்பின் மேலும் 14 ஆண்டுகள் நீட்டிப்புக் கிடைத்தது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை பதிப்புரிமையை நாட்டெல்லை கடந்ததாக ஆக்கியது. 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகளும் என்னும் கால அளவை நிலைநிறுத்தியது. இந்தியாவில் அது 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நடைமுறைக்கு வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களிலும் அச்சட்டமே செல்லுபடியாயிற்று. கூட்டு மலாய் மாநிலங்களுக்குத் தனிச்சட்டம் இருந்தது. மலேசியா 1969இல் தனக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது; அதற்கு மாற்றாக வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமே பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் 1911ஆம் ஆண்டின் பேரரசுச் சட்டம் 1987 வரை நீடித்தது. அவ்வாண்டில் அந்நாடு இயற்றிய சட்டத்தின் இடத்தை இன்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றுள்ளது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு கூற்றை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஆசிரியர் மறைந்து 25 ஆண்டுகள் கழிந்தபின், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, விற்பனை விலையில் 10 விழுக்காட்டை உரிமைத்தொகையாகச் செலுத்த முன்வரும் எவரும் அவர்தம் வெளிவந்த நூலை மறுபதிப்புச் செய்ய அச்சட்டம் இடமளித்தது. உரிமையாளர் மறுப்பதனால் மட்டுமே ஒரு நூல் மறைந்து போகலாகாது என்னும் எண்ணம் இதன் பின்னணியில் இருந்தது. பிற்காலச் சட்டங்களில் இவ்வழி இல்லாது போயிற்று.

நூல்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு பதிப்புரிமையிலிருந்து வேறானது. நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் நூற்பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சாகும் நூல்களை அரசிடம் பதிவு செய்து படிகளை ஒப்படைக்க வேண்டுமென அது விதித்தது. அவ்வாறு சென்ற படிகள் இலண்டன் வரை சேர்ந்தமையால் இந்நாடுகளின் தொடக்ககால அச்சு வெளியீடுகள் பல பிழைத்தன. சரியாக நூறாண்டு கழித்து, 1986இல், மலேசியா நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தை இயற்றியது. எனினும் ஒப்படைப்பு நூலைக் காக்குமேயன்றி, அதனைத் தொலைவிலுள்ள வாசகரின் திரைக்குக் கொண்டு செல்லும் அதிகாரத்தைத் தருவதில்லை.

பாரதியார் படைப்புகள் காட்டும் பாடம்

தமிழில் பதிப்புரிமை பொதுமக்களின் விவாதப் பொருளாகியது பாரதியாரின் படைப்புகளை முன்னிட்டேயாகும். 1921இல் பாரதியார் மறைந்தபின் அவர்தம் படைப்புகளின் உரிமை முதலில் அவருடைய துணைவியார் செல்லம்மாவிடம் இருந்தது. பின்னர் அது பாரதி பிரசுராலயத்தின் வழி அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. இதற்கிடையே ஒலித்தட்டும் வானொலியும் பேசும்படமும் வந்தன. பாடலை அச்சிடும் உரிமை ஒருவரிடமும் ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும் நிலை உருவாயிற்று. ஒலி உரிமை கைமாறிப் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனை அடைந்தது. 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதியார் பாடல் இடம்பெற்றதையொட்டி எழுந்த வழக்கு, ஒரு மக்கள் கவியின் பாடல் தனியொருவர் உடைமையாக இருக்கலாமா என்னும் வினாவைத் தமிழ்நாடு முழுதும் எழுப்பியது.

எழுத்தாளர்களும் கலைஞர்களும் பாரதி விடுதலைக்காகக் குரல் கொடுத்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில் அமைந்திருந்த சென்னை மாகாண அரசு 1949இல் பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. 1955இல் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. சட்டப்படியான காலக்கெடு 1971ஆம் ஆண்டின் முடிவில்தான் நிறைவெய்தியிருக்கும். ஆகவே அரசின் செயலால் பாரதியார் படைப்புகள் 16 ஆண்டுகள் முன்னதாகவே விடுதலை பெற்றன என்பது தெளிவு.

இந்நிகழ்விலிருந்து நாம் பெறும் பாடங்கள் இரண்டு. முதலாவது, புதிய தொழில்நுட்பம் ஒன்று வரும்பொழுதெல்லாம் ஒரே படைப்பின் உரிமை பலவாகப் பிளவுபடுகின்றது. அன்று ஒலித்தட்டினால் எழுந்த சிக்கலே இன்று மின்னூலினால் எழுகின்றது. இணையம் தோன்றுவதற்கு முன் எழுதப்பட்ட பதிப்பக ஒப்பந்தங்களில் மின்வடிவத்தைப் பற்றிய சொல் இராது. ஆதலின் அவ்வுரிமை எழுத்தாளரிடம் உள்ளதா பதிப்பாளரிடம் உள்ளதா என்பது ஒவ்வோர் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் நோக்கியே முடிவு செய்ய வேண்டியதாகின்றது. இரண்டாவது, உரிமையை விடுவிக்க வேண்டுமாயின் உரிமையாளர் யார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். பாரதியாரின் உரிமை எவரெவரிடம் இருந்தது என்பது அறியப்பட்டிருந்தமையாலேயே அரசால் அதனைப் பெற முடிந்தது.

நாட்டுடைமையும் அதன் எல்லையும்

பிற்காலத்தில் தமிழ்நாட்டரசு நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கி, அந்நூல்களை எவரும் பதிப்பிக்கலாம் என அறிவிப்பதே இம்முறையாகும். உலகின் பிற அரசுகள் பெரிதும் கைக்கொள்ளாத இவ்வழக்கம் தமிழ் மின்னூலகங்களின் வளர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்துள்ளது. நாட்டுடைமை நூல்களுள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்று படிக்கலாம்.

ஆயினும் நாட்டுடைமை என்னும் சொல்லை வைத்து ஆசிரியர் சிலர் தவறான முடிவுக்கு வருவதும் உண்டு. நாட்டுடைமையாவது ஆசிரியரின் மூலப் படைப்பு. அதற்கு இன்னொருவர் பின்னாளில் எழுதிய முன்னுரை, உரை, குறிப்பு ஆகியவற்றுக்குத் தனியே உரிமை உண்டு. மேலும் மலேசியச் சட்டம், வெளியிடப்பட்ட பதிப்பின் பக்க அமைப்புக்கும் வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு வழங்குகின்றது. எனவே 2010இல் வெளிவந்த திருக்குறள் உரைப்பதிப்பு ஒன்றை வருடி மாணவர்க்கு அனுப்பிவிட்டு, குறள் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடையது என வாதிடுதல் பொருந்தாது. குறள் பொதுவுடைமை, அப்பதிப்பு அன்று.

நாட்டுடைமைக்கு இன்னோர் எல்லையும் உண்டு. அது தமிழ்நாட்டரசின் நிதியையும் விருப்பத்தையும் சார்ந்தது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்களின் நூல்களுக்கு இந்நாட்டு அரசுகள் அத்தகைய திட்டம் எதனையும் வகுக்கவில்லை.

இணையத்தில் தமிழ் நூல்கள்

1998ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டித் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் இதனை வழிநடத்தினார். சங்க இலக்கியம், சமய இலக்கியம் போன்ற பழைய நூல்களில் பதிப்புரிமைச் சிக்கல் இல்லாமையால் இத்திட்டம் விரைந்து வளர்ந்தது. தற்கால நூல்களை நோக்கித் திரும்பியபொழுது இசைவும் நாட்டுடைமையுமே வழிகளாயின. இலங்கைத் தமிழ் நூல்களுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், எழுத்தாளர்களிடமும் வெளியீட்டாளர்களிடமும் அனுமதி கேட்டுப் பெறும் பணியையும் தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது.

இப்பகுதியில் நிகழ்ந்த முன்மாதிரி முயற்சியாகச் சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தைக் குறிப்பிடலாம். சிங்கப்பூர் விடுதலை பெற்ற பொன்விழாவையொட்டி, அருண் மகிழ்நன் தலைமையில் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து இதனை மேற்கொண்டனர். 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்க் கவிதை, சிறுகதை, புதினம், நாடக நூல்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை மின்வடிவம் பெற்று 2015இல் மக்களுக்கு வழங்கப்பட்டன. பழைய இலக்கியத்திற்கு இன்றியமையாததாக இல்லாத ஒன்று இத்திட்டத்தின் அடித்தளமாக இருந்தது. அதுவே எழுத்தாளரிடமும் வாரிசுகளிடமும் பெற்ற இசைவாகும். வருடும் கருவி அன்று, கையெழுத்திட்ட தாளே அம்மின்னூலகத்தின் வாயிலைத் திறந்தது எனலாம்.

நான்கு நாடுகள், நான்கு சட்டங்கள்

தமிழ் ஒரு மொழியாயினும் தமிழ் நூல்கள் பல சட்டங்களின் கீழ் வாழ்கின்றன. மலேசியாவில் ஆசிரியரின் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கின்றது. இந்தியாவில் தாகூரின் படைப்புகளின் காலக்கெடு முடியும் தறுவாயில் சட்டம் திருத்தப்பட்டு, 1992 முதல் அது 60 ஆண்டுகளாயிற்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 ஆண்டுகள். சிங்கப்பூர் அமெரிக்காவுடன் செய்துகொண்ட வணிக உடன்பாட்டையொட்டி 2004இல் 50 ஆண்டுகளை 70 ஆக உயர்த்தியது.

இந்நான்கு நாடுகளிலும் ஒவ்வோர் எழுத்தாளர் 1974இல் மறைந்ததாகக் கொள்வோம். தத்தம் நாட்டுச் சட்டப்படி மலேசியரின் நூல்கள் 2024ஆம் ஆண்டு முடிவில் பொதுவுடைமையாகிவிட்டன. இந்தியரின் நூல்கள் 2034 வரையும், சிங்கப்பூரர், இலங்கையர் ஆகியோரின் நூல்கள் 2044 வரையும் காத்திருக்க வேண்டும். இருபதாண்டு வேறுபாடு என்பது ஒரு தலைமுறை மாணவர்க்குச் சமமாகும். எல்லையற்றது எனப் போற்றப்படும் இணையத்தில், ஒரு நாட்டில் தடையின்றி ஏற்றப்படும் நூலை இன்னொரு நாட்டில் இறக்குவது உரிமை மீறலாகக்கூடும் என்பதும் இதனால் விளங்கும்.

புனைபெயரில் வெளிவந்த நூல்களின் நிலை வேறு. ஆசிரியர் இன்னாரென அறியப்படாத படைப்புக்கு மலேசியச் சட்டம் அவர்தம் மறைவை வைத்துக் கணக்கிடுவதில்லை. பெரும்பாலும் வெளியான ஆண்டிலிருந்தே 50 ஆண்டுகள் எண்ணப்படுகின்றன. மலாயாத் தமிழ் எழுத்தாளர்கள் புனைபெயரைப் பெரிதும் விரும்பியவர்கள். ஆதலின் ஒரு புனைபெயருக்குப் பின்னிருந்தவர் யாரெனக் கண்டறியும் இலக்கிய வரலாற்றாய்வு, அந்நூலின் சட்ட நிலையையே மாற்றிவிடும் ஆற்றல் உடையதாகின்றது.

உரிமையாளர் அறியப்படாத நூல்கள்

மலேசியத் தமிழ் நூல்கள் பல எழுத்தாளரின் சொந்தச் செலவில் அச்சிடப்பட்டவை. ஒப்பந்தம், பதிவேடு போன்றவை அரிது. எழுத்தாளர் மறைந்தபின் பிள்ளைகள் வேறு ஊர்களுக்கோ நாடுகளுக்கோ சென்றுவிடுகின்றனர். தந்தையின் நூலுக்குத் தாங்களே உரிமையாளர் என்பதை அவர்களே அறியாதிருத்தலும் உண்டு. நாளிதழ்களில் வெளிவந்த படைப்புகளின் நிலை இன்னும் சிக்கலானது. இதழின் ஊழியர் பணிக்கடமையாக எழுதியவை பொதுவாக நிறுவனத்திற்கு உரியவை. வெளியிலிருந்து கதையும் கவிதையும் அனுப்பியவரின் உரிமை, எழுத்துவழி மாற்றித் தரப்படாதவரை அவரிடமே இருக்கும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்றதொரு நாளிதழை முழுமையாக மின்வடிவில் வெளியிட எண்ணுவோர் எத்துணைப் பேரிடம் இசைவு பெறவேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலம் இச்சிக்கலைத் தீர்க்குமா? 1955இல் மலிவான தாளில் அச்சிடப்பட்ட நூலொன்றின் ஆசிரியர் 1990இல் மறைந்திருப்பின், அதன் உரிமை மலேசியாவில் 2040 வரையும் சிங்கப்பூரில் 2060 வரையும் நீடிக்கும். அப்பொழுது அந்நூலின் வயது முறையே 85, 105 ஆண்டுகள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில் அமிலம் படிந்த தாள் அவ்வளவு காலம் தாங்குவது அரிது. சட்டம் நூலை விடுவிக்கும் நாளில் விடுவிக்கப்பட வேண்டிய நூலே எஞ்சியிராது.

இந்தியச் சட்டத்தின் 31அ பிரிவு, உரிமையாளரைக் கண்டறிய இயலாத படைப்புகளுக்கு உரிமம் பெறும் வழியை வகுத்துள்ளது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை வெளியிடப்பட்ட படைப்புகளுக்கும் விரிவாக்கியது. மலேசியச் சட்டத்தில் அத்தகைய தனி ஏற்பாடு இடம்பெறவில்லை. ஆனால் பிறமொழி இலக்கியப் படைப்பைத் தேசிய மொழியில் பெயர்த்து வெளியிடுவதற்குத் தீர்ப்பாயத்திடம் உரிமம் கோரும் பிரிவு அச்சட்டத்தில் உண்டு. ஆகவே உரிமையாளர் அறியப்படாத தமிழ்க் கதையொன்றை மலாயில் பெயர்க்க முறையான வழி தெரிகின்றது. அக்கதையைத் தமிழிலேயே மின்னூலாக்க அத்தகைய வழி தெரியவில்லை.

மின்னிலக்கச் சட்டங்களும் வகுப்பறையும்

1996இல் உலக அறிவுசார் சொத்துடைமை அமைப்பு உருவாக்கிய உடன்படிக்கைகள் மின்னிலக்கச் சூழலுக்கென விதிகளை வகுத்தன. மலேசியா 1997இல் தன் சட்டத்தைத் திருத்தி, அத்திருத்தத்தை 1999இல் நடைமுறைப்படுத்தியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இணையச் சேவை வழங்குவோரின் பொறுப்பையும், உரிமையாளரின் அறிவிப்பின்பேரில் உரிமை மீறிய பொருளை நீக்கும் முறையையும் வரையறுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திற்குப் புறம்பான இணைய ஒளிபரப்புக் கருவிகளைத் தடைசெய்தது.

கற்பித்தலுக்கு இச்சட்டங்கள் இடமே தரவில்லை எனக் கூறுதல் தவறாகும். மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட்டு, நியாயமான அளவில், விளக்க எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதை மலேசியச் சட்டம் ஏற்கின்றது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொருளைப் பள்ளிகள் மூலம் சுட்டிப் பயன்படுத்த வழிசெய்துள்ளது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை இணையத்திற்கு இடம்பெயர்ந்தபொழுது இவ்விதிவிலக்குகளின் தேவை நன்கு உணரப்பட்டது. ஆயினும் ஒரு கவிதையை எடுத்துக்காட்டுவது வேறு. நூல் முழுவதையும் வருடி ஆசிரியர் குழுக்களில் சுற்றுக்கு விடுவது வேறு. பின்னதில் பல வேளைகளில் எழுத்தாளரின் பெயர்ப்பக்கமே விடுபட்டுப் போகின்றது. தம் பெயர் தம் படைப்போடு நிற்கவேண்டும் என்னும் தார்மிக உரிமையைச் சட்டம் எழுத்தாளர்க்கு வழங்கியிருக்க, தமிழாசிரியர்களாகிய நாமே அதனைப் பறித்தல் முறையாகாது.

சிங்கப்பூரின் அச்சட்டம் இன்னொன்றையும் செய்துள்ளது. முறையாக அணுகப்பெற்ற படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க அது இசைவளிக்கின்றது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிப்பதும் இதனுள் அடங்கும். இதன் விளைவாக, இசைவு கிடைக்காத தமிழ் நூலொன்றை அங்கு ஒரு கணினி முழுமையாகப் பகுத்தாயலாம். அதே நூலை வாசகர்க்கென இணையத்தில் ஏற்ற இயலாது. வாசகரின் தேவைக்கு இத்துணை விரிந்த வாயில் திறக்கப்படவில்லை என்பது சிந்தனைக்குரியது.

முடிவுரை

பாரதியாரின் பாடல்கள் முதல் சிங்கப்பூர் மின்னூலகம் வரை நாம் கண்ட வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. உரிமையாளர் அறியப்பட்டிருந்து, அவரிடம் உரிய காலத்தில் கேட்கப்பட்ட இடங்களில் தமிழ் நூல்கள் விடுதலை பெற்றன. கேட்கப்படாத இடங்களில் அவை அலமாரியிலேயே நலிகின்றன. எழுத்தாளரின் உரிமையை மதித்தலும் நூலைக் காத்தலும் ஒன்றற்கொன்று பகையானவை அல்ல. இரண்டையும் இணைப்பது இசைவே.

ஆகவே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியாளர்கள் முன் மூன்று பணிகள் உள்ளன. வாழும் எழுத்தாளர்களிடம் அவர்தம் நூலைப் பெறும்பொழுதே மின்வடிவுக்கான இசைவையும் எழுத்தில் பெறுதல் முதற்பணி. மறைந்த எழுத்தாளர்களின் மறைவாண்டு, இயற்பெயர், புனைபெயர், வாரிசு விவரம் ஆகியவற்றைத் தொகுத்தல் இரண்டாம் பணி. இதனை ஆய்வு மாணவர்க்குரிய தலைப்பாகவே அமைக்கலாம். உரிமையாளர் அறியப்படாத நூல்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி வேண்டுமென அரசிடம் எடுத்துரைத்தல் மூன்றாம் பணி. 10 விழுக்காட்டு உரிமைத்தொகையுடன் மறுபதிப்புக்கு இடமளித்த 1911ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முன்னோடியாகக் காட்டத்தக்கது. இம்மூன்றனுள் இரண்டாம் பணிக்கும் மூன்றாம் பணிக்கும் காலம் பொறுக்கும். முதற்பணி அவ்வாறன்று. அறுபது, எழுபதுகளில் எழுதத் தொடங்கிய எழுத்தாளர்கள் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களை நேரில் கண்டு கேட்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளது.